வடசென்னையில் அன்றாட வேலைக்கு நடுத்தர செயின் சா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, மாதவரம், மணலி, திருவொற்றியூர் வட்டாரங்களில் மரக்கிளை கழிப்பவர்களும், விறகுத் தொட்டி நடத்துபவர்களும், அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்தவர்களும் செயின் சா (எஞ்சின் சுழற்றும் பல் வைத்த செயினால் மரம் அறுக்கும் மிஷின்) வாங்குவதற்கு முன் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. வீட்டு வாசலில் வருடத்துக்கு இரண்டு முறை முருங்கையைக் கழிப்பவருக்கு இவ்வளவும் தேவையில்லை. அவருக்கு ஒரு கைவாளே போதும்.

நடுத்தரத் தொழில்முறை செயின் சா என்று எதைச் சொல்கிறார்கள்?

எஞ்சின் 50 முதல் 60 சிசி வரையிலும், ஆற்றல் 2.7 முதல் 3.5 கிலோவாட் வரையிலும், பாரும் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடு) செயினும் சேராத எடை சுமார் 5 முதல் 6 கிலோ வரையிலும் இருப்பவற்றைப் பொதுவாக இந்த வகையில் சேர்க்கிறார்கள். இதற்குக் கீழே 30 முதல் 45 சிசி வரை உள்ளவை வீட்டு உபயோகத்துக்கும் தோட்ட வேலைக்கும் உரியவை. 70 சிசியும் அதற்கு மேலும் உள்ளவை பெரிய அடிமரங்களுக்கு உரியவை.

ஆனால் ஒரு மிஷினைத் தொழில்முறை மிஷின் ஆக்குவது சிசி அன்று, அதன் கட்டுமானம். மெக்னீசியக் கலவையில் வார்த்த கிராங்க் உறை, தனியே கழற்றக்கூடிய சிலிண்டர், கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் இடையே ஸ்பிரிங் வைத்த அதிர்வுத் தடுப்பு, மரத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கத்தக்க ஆயில் பம்ப் ஆகியவை இருந்தால், அந்த மிஷினைப் பலமுறை கழற்றிச் சீர்செய்து மீண்டும் ஓட்ட முடியும். மலிவான மிஷின்கள் பலவற்றில் சிலிண்டர் தேய்ந்துவிட்டால் மிஷினையே தூக்கி ஓரமாக வைக்க வேண்டியதுதான்.

58 சிசி மிஷின் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும்போது, பல மடங்கு விலை கொடுத்து 50 சிசி மிஷினை ஏன் வாங்க வேண்டும்?

சிசி என்பது சிலிண்டரின் கொள்ளளவு மட்டுமே. அதிலிருந்து எவ்வளவு ஆற்றல் செயினுக்கு வந்து சேர்கிறது என்பதே வேலையைத் தீர்மானிக்கிறது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மிஷின்களை எடுத்துக்கொண்டாலே இது விளங்கும். ஸ்டில் எம்.எஸ். 250 என்பது 45.4 சிசி, 2.3 கிலோவாட், அதே நிறுவனத்தின் எம்.எஸ். 261 என்பது 50.2 சிசி, 3.0 கிலோவாட். கொள்ளளவு ஏறத்தாழ 10 விழுக்காடு கூடியிருக்க, ஆற்றல் 30 விழுக்காடு கூடியிருக்கிறது, எடையோ 4.6 கிலோவிலிருந்து 4.9 கிலோவுக்கு மட்டுமே ஏறியிருக்கிறது. ஹஸ்க்வர்னா 445-ஐயும் (45.7 சிசி, 2.1 கிலோவாட்) 550 எக்ஸ்.பி. மார்க் 2-ஐயும் (50.1 சிசி, 3.0 கிலோவாட்) ஒப்பிட்டால் இடைவெளி இன்னும் பெரிது.

எனவே பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 58 என்று இருப்பதைப் பார்த்து முடிவு செய்யாமல், கிலோவாட் எவ்வளவு என்று கடைக்காரரைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதுவே ஒரு பதில். அத்துடன் இந்த மலிவு மிஷின்கள் பெரும்பாலும் 22 அங்குல பாருடன் விற்கப்படுகின்றன. அவ்வளவு நீளம் முழுவதும் மரத்துக்குள் இறங்கியிருக்கும்போது அதை இழுத்துச் செல்லும் வலு அவற்றின் எஞ்சினுக்கு இருப்பதில்லை.

இதனால் மலிவு மிஷின் யாருக்கும் ஆகாது என்று பொருள் இல்லை. மாதத்தில் ஒரு நாள் எடுத்து, உதிரிபாகங்களை நீங்களே மாற்றத் தெரிந்தவராக இருந்தால், அதைக் கொண்டு காலம் தள்ளலாம். காலை 7 மணிக்குத் தொடங்கி மதியம் வரை வேலை செய்யும் கோஷ்டிக்கு அது கட்டுப்படியாகாது. மிஷின் நின்றுபோன நாளில் நான்கு ஆட்களின் கூலி எவ்வளவு என்று கணக்கிட்டால் விலை வித்தியாசம் கரைந்துவிடும்.

ஸ்டில் எம்.எஸ். 261, ஹஸ்க்வர்னா 550 எக்ஸ்.பி. மார்க் 2 ஆகிய இரண்டில் எது மேல்?

இரண்டுக்கும் ஆற்றல் 3.0 கிலோவாட்தான். ஹஸ்க்வர்னாவின் எடை 5.3 கிலோ, ஸ்டிலின் எடை 4.9 கிலோ. காகிதத்தில் அற்பமாகத் தெரியும் இந்த 400 கிராம், படுத்துக் கிடக்கும் தூங்குமூஞ்சி மரத்தின் மேல் ஏறி நின்று நாள் முழுவதும் கிளை கழிப்பவரின் தோளுக்குத் தெரியும். தரையில் கிடக்கும் கட்டைகளை மட்டுமே துண்டு போடும் விறகுத் தொட்டியில் அது ஒரு பொருட்டே அன்று, ஏனெனில் அங்கே மிஷினின் பாரத்தை மரமே தாங்கிக்கொள்கிறது. எந்த நிறுவனத்தின் எடைக் கணக்கிலும் பார், செயின், பெட்ரோல், ஆயில் ஆகியவை சேர்வதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். 16 அல்லது 18 அங்குல பாரை மாட்டி, பெட்ரோலுக்கும் பாரின் ஆயிலுக்கும் உள்ள இரண்டு டாங்குகளையும் நிரப்பினால் கையில் இருப்பது ஆறரை, ஏழு கிலோ.

இவற்றுடன் எக்கோ சி.எஸ். 501-ஐயும் (50.2 சிசி, 4.7 கிலோ) சேர்த்துப் பார்க்கலாம். ஹஸ்க்வர்னாவிலேயே 545 மார்க் 2 என்ற மாடல் அதே 50.1 சிசியில் 2.7 கிலோவாட் தருகிறது. விறகுத் தொட்டிக்கு அந்த 0.3 கிலோவாட் குறைவு பெரிதாகத் தெரியாது. விலை குறைவாகக் கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம்.

எது மேல் என்று என்னைக் கேட்டால், உங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் எந்த நிறுவனத்தின் சர்வீஸ் ஆள் இருக்கிறார் என்று திருப்பிக் கேட்பேன். இந்த வகையில் மிஷின்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைவிட, ஒரு ஸ்டார்ட்டர் கயிறோ கிளட்ச் ஸ்பிரிங்கோ அன்றே கிடைப்பதற்கும் பத்து நாள் கழித்துக் கிடைப்பதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது. பிராட்வே, லிங்கிச் செட்டித் தெருப் பக்கம் போனால் எல்லாம் கிடைக்கும் என்பது பொதுவாக உண்மைதான் என்றாலும், அங்கே கிடைக்கும் பிஸ்டனும் கார்புரேட்டரும் அசலா போலியா என்பதைப் பார்த்து வாங்க வேண்டும்.

50 சிசி போதுமா, 60 சிசிக்குப் போக வேண்டுமா?

வடசென்னையின் அன்றாட வேலை என்பது பெரும்பாலும் ஓர் அடி, ஒன்றரை அடி விட்டத்துக்கு உட்பட்ட வேம்பு, புங்கம், இயல்வாகை, வாதாம் ஆகியவற்றின் கிளைகளும் தண்டுகளும்தான். மணலி, எண்ணூர்ப் பக்கத்துத் தரிசுகளில் வளர்ந்த சீமைக்கருவேலம் கடினமான மரம் என்றாலும் அதன் பருமன் குறைவு. இதற்கெல்லாம் 50 சிசியே சரியான அளவு.

60 சிசி வகையில் ஸ்டில் எம்.எஸ். 362 என்பது 59 சிசி, 3.5 கிலோவாட், சுமார் 5.5 கிலோ, ஹஸ்க்வர்னா 560 எக்ஸ்.பி. என்பது 59.8 சிசி, அதே 3.5 கிலோவாட், 6 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பழைய பங்களாக்களின் தூங்குமூஞ்சி அடிமரங்களையோ, மரக்கடைக்கு வரும் பெரிய கட்டைகளையோ நாள்தோறும் அறுப்பவருக்கு இவை பொருந்தும். எப்போதோ ஒருமுறை வரும் பெரிய மரத்துக்காகத் தினமும் கூடுதல் எடையைச் சுமப்பது வீண். அன்றைக்கு மட்டும் 70 சிசி மிஷினை வாடகைக்கு எடுத்துக்கொள்வது நல்லது.

எத்தனை அங்குல பார் போட வேண்டும்?

50 சிசிக்கு 16 அல்லது 18 அங்குலம், 60 சிசிக்கு 18 அல்லது 20 அங்குலம். இரண்டு பக்கத்திலிருந்தும் அறுக்கத் தெரிந்தவர் 16 அங்குல பாரை வைத்துக்கொண்டு அதைவிடப் பருத்த மரத்தையும் துண்டாக்கிவிடுவார். நீளமான பாரை வாங்குவது பெரும்பாலும் பெருமைக்குத்தான். அதன் முனை பின்னால் உள்ள காம்பவுண்டுச் சுவரையோ மண்ணையோ தொட்டுவிடும் வாய்ப்பு கூடுவதும், கூர் தீட்ட வேண்டிய பற்கள் கூடுவதும்தான் கண்ட பலன்.

எந்த செயின் நல்லது? 0.325 என்றும் எட்டில் மூன்று (3/8) என்றும் சொல்கிறார்களே, அவை என்ன?

அவை செயினின் பிட்ச், அதாவது அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளுக்கு இடையே உள்ள தூரத்தில் பாதி, அங்குலக் கணக்கில். 0.325 என்றால் 8.25 மி.மீ.; 3/8 என்றால் ஏறத்தாழ 9.3 மி.மீ. 50 சிசி மிஷின்களுக்கு 0.325-ம், 60 சிசிக்குப் பெரும்பாலும் 3/8-ம் போடப்படுகின்றன. பிட்ச் மட்டும் ஒத்திருந்தால் போதாது, பாரின் பள்ளத்தில் ஓடும் இணைப்பின் தடிமனும் (1.3, 1.5, 1.6 மி.மீ. என மூன்று உண்டு) இணைப்புகளின் எண்ணிக்கையும் ஒத்திருக்க வேண்டும். இந்த மூன்று எண்களையும் பாரின் அடிப்பகுதியில் பொறித்திருப்பார்கள். கடைக்குப் போகும் முன் அதைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போவது நல்லது.

அடுத்தது பல்லின் வடிவம். முனை சதுரமாக, கூர்மையான மூலையுடன் இருக்கும் பல் சுத்தமான மரத்தை வேகமாக அறுக்கும். ஆனால் அந்த மூலை சிறிது மழுங்கினாலும் வேகம் போய்விடும். முனை உருண்ட பல் சற்று மெதுவானது, ஆனால் தூசும் மணலும் படிந்த மரத்தில் நெடுநேரம் கூர் நிற்கும். லாரிகள் இரவு பகலாக ஓடும் எண்ணூர் விரைவுச் சாலையோரத்து மரத்தின் பட்டையைக் கையால் தடவிப் பார்த்தால், உள்ளங்கை முழுவதும் சாம்பல் நிறப் புழுதி ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு பல்லும் அந்தப் புழுதிக்குள்தான் முதலில் நுழைகிறது. எனவே இந்த ஊர் வேலைக்கு உருண்ட முனைப் பல்லையே பரிந்துரைப்பேன். சதுர முனைப் பல், பட்டை உரித்துக் கழுவிய கட்டைகளை அறுக்கும் மரக்கடைக்காரருக்கே உகந்தது.

செயினை எப்போது, எப்படித் தீட்ட வேண்டும்?

அறுக்கும்போது வெளியே விழுவதைப் பாருங்கள். தடித்த சீவல்களாக விழுந்தால் கூர் இருக்கிறது. மாவாக விழுந்தால் கூர் போய்விட்டது. மிஷினை அழுத்தி அறுக்க வேண்டிய நிலை வந்தாலும், வெட்டு நேராக இறங்காமல் ஒரு பக்கம் வளைந்து போனாலும் அதே காரணம்தான்.

இன்றைய செயினின் பல், கைவாளின் பல்லைப் போல் மரத்தைப் பிராண்டுவது அன்று. ஆசாரியின் இழைப்புளியைப் போல் சீவி எடுப்பது. 1940-களில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் மரம் வெட்டும் தொழிலில் இருந்த ஜோசப் காக்ஸ் என்பவர், மரத்தைக் குடையும் வண்டுப் புழுவின் தாடைகள் இடமும் வலமுமாகச் சீவிச் செல்வதைப் பார்த்து இந்த வடிவத்தை உருவாக்கினார். 1947 முதல் அது விற்பனைக்கு வந்தது. இழைப்புளியில் உளி எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது முக்கியமாக இருப்பது போலவே, இங்கே பல்லுக்கு முன்னால் நிற்கும் சிறு மேடு பல்லைவிட எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பது முக்கியம். இந்த அளவு செயின்களுக்கு அது வழக்கமாக 0.65 மி.மீ. பலமுறை தீட்டியதில் பல்லின் உயரம் குறைந்தபின் மேட்டைக் குறைக்காமல் விட்டால், பல் எவ்வளவு கூராக இருந்தாலும் மரத்தைக் கடிக்காது. நம் ஊரில் புதிதாகத் தீட்டிய செயின் அறுக்கவில்லை என்று தூக்கிப் போடப்படுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். மேட்டை அளவுக்கு மீறித் தாழ்த்துவதும் ஆபத்து. பல் அதிகமாகக் கடித்து மிஷின் உதைக்கும்.

0.325 செயினுக்கு 4.8 மி.மீ. உருண்டை அரம், 3/8 செயினுக்கு நிறுவனத்தைப் பொறுத்து 5.2 அல்லது 5.5 மி.மீ. அரம். கோணம் பெரும்பாலும் 30 பாகை. அரத்தை உள்ளிருந்து வெளிப்பக்கமாக மட்டுமே தள்ள வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் அரமும் கெடும், பல்லும் கெடும். ஒவ்வொரு முறை பெட்ரோல் ஊற்றும்போதும் ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு மூன்று தள்ளு கொடுத்துவிட்டால் மின்சாணை பக்கமே போக வேண்டியிருக்காது. சாணைக்காரர் பல்லை நீலம் பாரிக்கும்படி சூடாக்கிவிட்டால் அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விடும். பிறகு அது எத்தனை முறை தீட்டினாலும் நிற்காது.

சாலையோர மரங்களில் ஆணி இருக்கிறதே, என்ன செய்வது?

விளம்பரப் பலகைக்கும், டியூஷன் அட்டைக்கும், சீரியல் விளக்குக்கும் அடித்த ஆணிகள் பட்டைக்குள் புதைந்து, மேலே சதை மூடி, வெளியே ஒன்றும் தெரியாமல் இருக்கும். கண்ணால் காணத்தக்க ஓர் அடையாளம் உண்டு. வெட்டிய முகத்தில், வெளிர்நிற மரத்தின் நடுவே மை கொட்டியது போன்ற கருநீலக் கறை தெரிந்தால், மரத்தின் துவர்ப்புச் சத்து இரும்புடன் சேர்ந்திருக்கிறது, அருகில் ஆணியோ கம்பியோ இருக்கிறது என்று பொருள். அந்த இடத்தில் மேற்கொண்டு இறக்காமல், ஓர் அடி மேலேயோ கீழேயோ தள்ளி அறுக்க வேண்டும். தரையிலிருந்து ஆள் உயரம் வரை உள்ள பகுதிக்குப் பழைய, பாதி தேய்ந்த செயினையும், அதற்கு மேல் நல்ல செயினையும் பயன்படுத்துவது நடைமுறைக்கு ஏற்ற வழி. இரும்புக் கூண்டை விழுங்கி வளர்ந்த மரத்தின் அடிப்பகுதியைக் கோடரியிடம் விட்டுவிடுங்கள்.

தென்னை, பனைக்கும் இதே மிஷின் ஆகுமா?

ஆகும், ஆனால் செயினின் ஆயுள் குறையும். இவற்றின் உட்பகுதி மென்மையாகவும் வெளிப்பகுதி மிகக் கடினமாகவும் இருக்கும். வயதான பனையின் வைரம் செயினைச் சீக்கிரம் மழுங்கச் செய்யும். ஈரத் தென்னையின் நீண்ட நார்கள் ஸ்பிராக்கெட் (செயினை இழுக்கும் பற்சக்கரம்) மூடிக்குள் திணிந்து, ஆயில் வரும் துளையை அடைத்துக்கொள்ளும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் பார் வறண்டு, சூடேறி, ஓரம் நீலம் பாரித்துவிடும். எனவே ஓரிரண்டு துண்டுகள் போட்டதும் எஞ்சினை நிறுத்தி, மூடியைத் திறந்து நாரை உருவி எடுக்க வேண்டும்.

20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலால் மிஷின் கெடுமா?

கெட வாய்ப்பு உண்டு. எப்படிக் கெடுகிறது என்று தெரிந்தால் தடுக்கவும் முடியும். செயின் சா எஞ்சினுக்குத் தனி ஆயில் தொட்டி கிடையாது. பெட்ரோலில் கலந்த ஆயில்தான் பிஸ்டனைக் காக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. கடற்கரை ஊரில், சரியாக மூடாத கேனில் வாரக்கணக்கில் கிடக்கும் கலவையில் நீர் சேர்ந்துகொண்டே போய், ஓர் அளவைத் தாண்டியதும் நீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனி அடுக்காகப் பிரிந்துவிடும். அந்த அடுக்கில் ஆயில் இருக்காது. டாங்கின் பெட்ரோல் ஃபில்டரோ அடியில்தான் கிடக்கிறது. எஞ்சின் முதலில் குடிப்பது அந்த ஆயில் இல்லாத அடுக்கை; விளைவு, பிஸ்டன் ஜாம். இது தவிர, எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால், பழைய அமைப்பில் வைத்த கார்புரேட்டரில் எரிபொருள் போதாமல் எஞ்சின் கூடுதலாகச் சூடேறும். ரப்பர் டயஃப்ரமும் பெட்ரோல் குழாயும் நாளடைவில் விறைத்துப்போகும்.

பல மிஷின்களின் கையேட்டில் எத்தனாலுக்கு 10 விழுக்காடே உச்சவரம்பாகக் குறிக்கப்பட்டிருக்கும். இன்றைக்கு பெட்ரோல் பங்கில் கிடைப்பது 20 விழுக்காடு என்பதால், வாங்கும் முன் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கலவையை அன்றைய வேலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவே தயாரியுங்கள். சில நாள் வேலை இல்லை என்றால் டாங்கைக் காலி செய்து, மிஷின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு வையுங்கள்.

கலவை விகிதம் 50-க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மி.லி. டூ-டி ஆயில், 5 லிட்டருக்கு 100 மி.லி. கண்மதிப்பில் ஊற்றாமல் அளவுக் குப்பியால் அளக்க வேண்டும். காசிமேட்டில் படகின் அவுட்போர்டு எஞ்சினுக்கு ஊற்றும் டூ-டி ஆயில் எளிதாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்கிவிடாதீர்கள். அது நீரால் குளிரும் எஞ்சினுக்கு உரியது. காற்றால் மட்டுமே குளிரும் செயின் சாவின் வெப்பத்தை அது தாங்காது.

பாருக்குப் பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றலாமா?

கூடாது. மெக்கானிக் கடையில் வடித்த கருப்பு ஆயிலில் உலோகப் பொடியும் கரியும் இருக்கும். அது ஆயில் பம்பைத் தின்றுவிடும். செயினில் ஒட்டி நிற்கும் பசைத்தன்மை இல்லாததால் பெரும்பகுதி மரத்தின் மேலும் உங்கள் சட்டையின் மேலும் தெறிக்கும். பார் ஆயில் கிடைக்காத நாளில் புதிய, கெட்டியான எஞ்சின் ஆயிலை ஊற்றிச் சமாளிக்கலாம்.

கம்ப்யூட்டர் கார்புரேட்டர் உள்ள மாடல் வாங்கலாமா?

ஸ்டிலில் எம்-ட்ரானிக், ஹஸ்க்வர்னாவில் ஆட்டோடியூன் என்று வருபவை, காற்றுக்கும் எரிபொருளுக்கும் உள்ள விகிதத்தை எஞ்சின் ஓடும்போதே தாமே திருத்திக்கொள்கின்றன. ஏர் ஃபில்டரில் தூசு ஏறினாலும், பெட்ரோலின் தரம் மாறினாலும் ஓரளவு ஈடுகட்டிவிடும். எத்தனால் பெட்ரோல் காலத்தில் இது உண்மையான நன்மை.

ஆனால் தெருமுனை மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருகிப் பார்க்க இதில் திருகாணி கிடையாது. கோளாறு வந்தால் அந்நிறுவனத்தின் கருவி உள்ள சர்வீஸ் மையத்துக்கே போக வேண்டும். அம்பத்தூருக்கோ கிண்டிக்கோ மிஷினைத் தூக்கிக்கொண்டு போய் இரண்டு நாள் காத்திருக்க முடியும் என்றால் வாங்கலாம். ஒரே மிஷினை வைத்து அன்றாடம் பிழைப்பவருக்குத் திருகாணி வைத்த கார்புரேட்டரே கைகொடுக்கும் என்பது என் கருத்து. அவர் அதைச் சரியாக வைக்கத் தெரிந்த ஒரு மெக்கானிக்கைப் பழக்கத்தில் வைத்திருக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் விரல்கள் மரத்துப்போகின்றன. மிஷினில் கோளாறா?

அதிர்வுதான் காரணம், அதை அலட்சியம் செய்யக்கூடாது. ஆண்டுக்கணக்கில் அதிர்வு ஏறினால் விரல்நுனிகளின் இரத்த நாளங்களும் நரம்புகளும் பாதிக்கப்பட்டு, விரல்கள் வெளுத்து உணர்விழக்கும் நோய் வரும். முற்றியபின் அது முழுவதும் மீள்வதில்லை. ஐரோப்பிய விதிகளின்படி, 8 மணி நேரச் சராசரி 2.5 மீ/வி² என்ற அளவை எட்டினால் வேலை கொடுப்பவர் நடவடிக்கை எடுத்தாக வேண்டும். 5 மீ/வி² என்பது தாண்டக்கூடாத வரம்பு.

இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அதிர்வு 3.5 மீ/வி² உள்ள ஒரு நல்ல மிஷினில் அந்த முதல் அளவை எட்டச் சுமார் 4 மணி நேரம் ஆகும். அதிர்வு இரட்டிப்பாகி 7 மீ/வி² ஆனால் நேரம் பாதியாகக் குறைவதில்லை. கால்பங்காக, ஒரு மணி நேரமாகக் குறைந்துவிடுகிறது. கையேட்டில் அச்சிட்டிருக்கும் அதிர்வு எண்ணை, ஆற்றலைப் பார்ப்பதற்கு முன் பார்க்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். மழுங்கிய செயினும், அறுந்துபோன ஸ்பிரிங்கும் நல்ல மிஷினையும் கெட்ட மிஷின் ஆக்கிவிடும்.

இந்த வெயிலில் பாதுகாப்பு உடை அவசியமா?

அவசியம். 7 பல் ஸ்பிராக்கெட் ஒரு சுற்றுக்கு 14 பிட்ச் தூரம் செயினை நகர்த்துகிறது, 0.325 செயினில் அது 11.5 செ.மீ.க்குச் சற்று மேல். நிமிடத்துக்கு 10,000 சுற்று என்றால் செயினின் வேகம் நொடிக்குச் சுமார் 19 மீட்டர். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரப்பர் செருப்புடன் இந்த வேகத்துக்கு அருகில் நிற்பதை நம் தெருக்களில் தினமும் பார்க்கிறோம். தொங்கும் லுங்கியின் ஓரத்தை செயின் பிடித்தால் துணி மட்டும் போவதில்லை. துணி காலையும் சேர்த்து உள்ளே இழுக்கும்.

வெட்டுத் தடுப்புக் காற்சட்டையின் உள்ளே இருக்கும் நீண்ட இழைகள் செயின் பட்டதும் உருவி வந்து ஸ்பிராக்கெட்டில் சுற்றி அதை நிறுத்திவிடும். முதல் வகுப்புக் காற்சட்டை நொடிக்கு 20 மீட்டர் செயின் வேகத்துக்குச் சோதிக்கப்பட்டது. முழுக் காற்சட்டை வெயிலுக்கு ஆகாது என்றால், முன்பக்கம் மட்டும் மறைத்துப் பின்னால் வாரால் கட்டும் வகையை அணியலாம். காதுக்கு மூடி கட்டாயம், ஏனெனில் இயக்குபவரின் காதருகே சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். அப்புறம், பார் முனையின் மேல் கால்பகுதி எதையாவது தொட்டால் மிஷின் முகத்தை நோக்கி எகிறும். தோளுக்கு மேல் தூக்கி அறுக்கக்கூடாது, ஒற்றைக் கையால் பிடிக்கக்கூடாது என்பவை அதனால் வந்த விதிகள். ஏணியில் நின்று அறுப்பவர் இரண்டையும் ஒரே நேரத்தில் மீறுகிறார்.

புயலில் விழுந்த மரத்தை அறுக்கும்போது தனியாகக் கவனிக்க வேண்டியது உண்டா?

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரை கடந்தபோது சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அத்தகைய நாள்களில்தான் அனுபவம் இல்லாதவர்களும் மிஷினைக் கையில் எடுக்கிறார்கள். விழுந்த மரம் ஓய்ந்த மரம் அன்று. சுவரின் மேலோ காரின் மேலோ வளைந்து கிடக்கும் தண்டின் ஒரு பக்கம் இழுபட்டும் மறுபக்கம் நசுங்கியும் இருக்கும். நசுங்கிய பக்கத்தில் முதலில் சிறிது அறுத்துவிட்டு, பிறகு இழுபட்ட பக்கத்திலிருந்து அறுத்து முடிக்க வேண்டும். முறை மாறினால் பார் சிக்கும், அல்லது தண்டு பிளந்து தெறிக்கும். வேரோடு சாய்ந்த மரத்தின் தண்டை அறுத்து எடுத்ததும், பாரம் நீங்கிய வேர்க்கட்டை மீண்டும் குழிக்குள் நிமிர்ந்துவிடக்கூடும். அதன் பின்னால் யாரும், குறிப்பாக வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள், நிற்கக்கூடாது. கிளைகளுக்கு இடையே கிடப்பது கேபிள் டிவி ஒயர்தான் என்று நீங்களாக முடிவு செய்யாமல், மின்வாரிய ஆள் வந்து இணைப்பைத் துண்டித்ததை உறுதி செய்தபின் தொடங்குங்கள்.

மரத்தை வெட்ட அனுமதி வேண்டுமா?

பொது இடத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். வாடிக்கையாளர் வாய்மொழியாகச் சொல்வதை நம்பி இறங்காதீர்கள். மிஷினோடு பிடிபடுவது நீங்கள்தான். சாலையில் விழுந்துவிட்ட மரத்துக்கு மாநகராட்சியின் 1913 எண்ணில் தெரிவிக்கலாம். தனியார் மனையில் உள்ள மரமானாலும், திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகியவற்றில் உங்கள் மண்டல அலுவலகம் எதுவோ அங்கே கேட்டுக்கொண்டு தொடங்குவது நல்லது.

கடற்காற்றில் மிஷின் துருப்பிடிக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

வேலை முடிந்ததும் பாரையும் செயினையும் கழற்றித் துடைத்து, ஆயில் தடவி வைக்க வேண்டும். சூடான நிலையில் இறுக்கிய செயினை அப்படியே விட்டால் ஆறும்போது சுருங்கி, கிராங்கையும் பேரிங்கையும் இழுக்கும். ஆகையால் தளர்த்திவிட்டு வையுங்கள். ப்ளக்கின் திரெட்டையும் முனையையும் அவ்வப்போது பார்த்துத் துடைத்தால் போதும்.

பழைய மிஷின் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

மிஷின் சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் செய்து காட்டுவதை ஏற்காதீர்கள். நீங்கள் போகும் முன் அதை ஓட்டி வைத்திருப்பார்கள். ஆறிய நிலையில் ஸ்டார்ட் ஆக வேண்டும். ஆக்ஸிலேட்டரை விட்டதும் செயின் நகராமல் நிற்க வேண்டும். மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் ஐட்லிங் கூடுதலாக இருக்கிறது, அல்லது கிளட்ச் ஸ்பிரிங் போயிருக்கிறது. ரேஸ் கொடுத்துப் பிரேக்கைத் தள்ளினால் அந்தக் கணமே செயின் நிற்க வேண்டும். பிறகு எஞ்சினை நிறுத்தி, சைலன்சரைக் கழற்றி, அந்தத் துளை வழியே டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பாருங்கள். பக்கவாட்டு மினுமினுப்பாக இருந்தால் நல்லது. மேலிருந்து கீழாகக் கீறல்கள் தெரிந்தால் அது ஒருமுறை ஆயில் இல்லாமல் ஓடிய மிஷின். விற்பவர் சைலன்சரைக் கழற்ற மறுத்தால் பேரத்தைத் தொடர வேண்டியதில்லை.